ரெண்டு பேர்னு போட்டுடவா?

1

இந்தக் கதை பிறந்தது சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையில். ஆழ்மனத் தூண்டல், படைப்பின் வலி என்றெல்லாம் பேட்டியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசிரியர் நினைத்திருந்தார். பேட்டி எடுக்க யாரும் வராததால் உண்மையையே சொல்லிவிடுகிறார்: அவர் தன்னுடைய பாஸ்போர்ட்டையும் மனைவியின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப்போய் லேமினேஷன் போட்டார்.

சிரிக்காதீர்கள். காரணம் இருந்தது.

ஆசிரியரின் பெயர் ஜெர்சன். சிட்லபாக்கம் வாசி. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதாவது எது எப்படி நாசமாகும் என்று யோசிப்பதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்கியவர். தன் கதையைத் தானே படர்க்கையில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ‘நான்’ என்று ஆரம்பித்தால் அடுத்த வரியிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். ‘ஜெர்சன்’ என்று எழுதினால் உங்களோடு சேர்ந்து அவரும் அந்த ஆளைத் திட்டலாம்.

மனைவி சுஜி, பூகோள டீச்சர். வருஷாவருஷம் ஒன்பதாம் வகுப்புப் போர்டில் நீலச் சாக்பீஸால் ஒரு பனியாற்றை வரைவாள். அது மலையைக் குடைந்துகொண்டு இறங்கும். குடைந்த பள்ளத்தில் நீளமாக, நாடா மாதிரி ஒரு ஏரி தேங்கும். பெல் அடித்ததும் டஸ்டரால் அந்த ஏரியை அழித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவாள். ஓய்வுபெறும் வருஷம் மே மாதத்தில், அழியாத ஏரி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. இங்கிலாந்தில் ஏரி மாவட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு விடுதியில் தூங்கி எழுந்து, மலை ஏறி, ஏரி சுற்றி, நடந்தே அடுத்த விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும். நம் பெட்டி நமக்கு முன்னால் வேனில் போய்விடும். இப்படி ஒரு வாரம். கடன்காரன் துரத்தாமலே ஒருவன் ஊர் ஊராக நடப்பதை விடுமுறை என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நடையை ஏற்பாடு செய்கிற கம்பெனிக்காரன் அனுப்பிய கையேட்டில், மழை எந்நேரமும் வரலாம், ஆவணங்களில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரி இருந்தது. ஜெர்சன் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டில் ஏற்கெனவே ரேஷன் கார்டு, எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட், திருமணச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் சேமமாக இருந்தன. கடைக்காரர், இது புக்கு ஆச்சே சார் என்று தயங்கத்தான் செய்தார். விரித்து வைத்துப் போடுங்கள் என்று வழிகாட்டியவர் ஜெர்சன்.

விசா ஆபீசில் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, நகத்தால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பலகை மாதிரி சத்தம் வந்தது. பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கண்ணாடித் தொட்டி மீன்களைப்போல ஜெர்சனும் சுஜியும் போட்டோவுக்குள்ளிருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எக்மோரில் ரயில் ஏறியதிலிருந்து சுஜி பேசவில்லை. பல்லாவரம் தாண்டியதும் ஒன்று சொன்னாள்.

“மழைல நனையாது. அது நிஜம்தான்.”

2

(இந்தப் பகுதிக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்க்கப்பட்டன.

முதலாவது: ‘ஏமாற்றம் என்பது மனித வாழ்வில்—’ ஆசிரியருக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது: ‘ஜனவரி மாதத்து இளங்காலையில், பனித்திரை விலக, தாம்பரம் மெல்ல—’ தாம்பரம் எதையும் மெல்லச் செய்து ஆசிரியர் பார்த்ததில்லை.

மூன்றாவது கீழே.)

லேமினேஷன் போட்ட பாஸ்போர்ட் செல்லாது என்றதில் அந்த வருஷத்து மே மாதம் கைவிட்டுப் போனது. டிசம்பரில் புதுப் பாஸ்போர்ட்டுகள் வந்தன. சுஜி அவற்றைத் தன் புடவை அலமாரியில் வைத்து, பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். யாரைக் கண்டு இந்தப் பாதுகாப்பு என்று ஜெர்சன் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பின்னாலேயே கம்பெனிக்காரனிடமிருந்து ஒரு மெயில். வருகிற மே மாதத்துக்கு இடம் வைக்கிறோம். எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜெர்சன் சமையலறை வாசலில் நின்று கேட்டார். “ரெண்டு பேர்னு போட்டுடவா?”

சுஜி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “பார்க்கலாம்.”

[‘பார்க்கலாம்’ பற்றி ஒரு குறிப்பு. துணிக்கடையில் சொன்னால் வாங்க மாட்டோம் என்று பொருள். கல்யாண வரனுக்குச் சொன்னால் பையன் பிடிக்கவில்லை. டாக்டர் சொன்னால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மனைவி சொன்னால் என்ன பொருள் என்று இன்சூரன்ஸ் துறைக்கு இன்னும் தெரியவில்லை.]

அன்றைக்கே ஜெர்சனுக்கு அந்த யோசனை வந்தது. இது முழுக்கக் குற்ற உணர்ச்சியில் விளைந்தது. ஆனால் அவர் அதைத் திட்டம் என்றே அழைத்தார். நம்மிடம் மலை இல்லையா? பச்சைமலை இருக்கிறது. ஏரி இல்லையா? சிட்லபாக்கத்தில் இருக்கிறது, சேலையூரில் இருக்கிறது, இரும்புலியூரில் இருக்கிறது, பீர்க்கன்கரணையில் இருக்கிறது. விடுதி இல்லையா? சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? முதல் ராத்திரி சேலையூரில் சுஜியின் அண்ணன் ஆபேல் வீடு. மறுநாள் பீர்க்கன்கரணையில் ஏகநாதன் வீடு. கல்யாணமான புதிதில் அங்கேதான் மாடியில் குடியிருந்தார்கள். மே மாதத்துக்கு ஒத்திகை என்று சொன்னார்.

சுஜி சரி என்றாள். ஜெர்சன் அடுத்ததாக வாதாடுவதற்குத் தயார் செய்து வைத்திருந்த நான்கு காரணங்கள் வீணாகப் போயின.

3

ஒத்திகை என்றால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். பெட்டி முன்னால் போக வேண்டும். தெருமுனை ஆட்டோக்காரர் சக்திவேலைக் கூப்பிட்டு, வெளிநாட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய சிவப்புப் பெட்டியை ஏற்றி, ஆபேல் வீட்டு விலாசம் சொல்லி அனுப்பினார் ஜெர்சன். பெட்டியில் இருந்தது சுஜியின் துணிமணி மட்டும்தான். தன்னுடைய இரண்டு சட்டைக்குத் தோள்பை போதும் என்று அவர் தீர்மானித்திருந்தார். இந்தச் சிக்கனம் பின்னால் கதைக்குப் பெரிதும் உதவும்.

நடந்தார்கள். சிட்லபாக்கம் ஏரியை ஒரு சுற்று சுற்றினார்கள். அங்கே காலையில் நடக்கிற ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் வலமாகவே சுற்றுகிறார்கள், இடமாகச் சுற்றுகிறவனை மனநிலை சரியில்லாதவனாகப் பார்க்கிறார்கள் என்பதை ஜெர்சன் சுஜிக்கு விளக்கினார். யார் யாருக்கு என்ன ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்பதையும், அவர்கள் போட்டிருக்கும் ஷூவை வைத்து எந்த மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதையும் சொன்னார். ஏரி முடிந்துவிட்டது.

பச்சைமலை, அன்றைய காலை வெயிலில், பசும்பட்டு உடுத்திய— (வேண்டாம். அது ஒரு மலை. அடிவாரத்தில் ஜெர்சனுக்கு மூச்சு வாங்கியது. மலையேற்றத்தில் மூச்சு விடுவது எப்படி என்று கையேட்டில் படித்ததைச் சொல்லிக்கொண்டே ஏறியதில் இன்னும் வாங்கியது. பாதியில் திரும்பினார்கள்.)

சேலையூர் ஏரிக்கரையில் நின்றபோது மறுபடி கேட்டார். “ரெண்டு பேர்னு போட்டுடவா?”

“பார்க்கலாம்.”

இந்நேரத்தில் ஆபேல் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அங்கே இல்லை. ஆனாலும் மூன்று பேரிடம் விசாரித்து எழுதுகிறார். ஆபேலின் மனைவி கிருபா, வாசலில் இன்னும் கழற்றாத கிறிஸ்துமஸ் ஸ்டாரின் கீழே நின்றுகொண்டு, ஆட்டோவிலிருந்து நாத்தனாரின் பெட்டி இறங்குவதைப் பார்த்திருக்கிறார். யார் கொடுத்து அனுப்பினார்கள் என்று கேட்டதற்குச் சக்திவேல் நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார்: சார்தான் ஏற்றி அனுப்பினார், மேடம் பின்னாலேயே நடந்து வருகிறார்கள்.

ஒரு பெண்ணின் பெட்டியைப் புருஷன் ஆட்டோவில் போட்டு அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிறான். பெண் நடந்து வருகிறாள். பஸ் ஓடுகிற ஊரில். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

போய்ச் சேர்ந்தபோது ஹாலில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஆபேல் இருந்தார். சபை மூப்பர் சத்தியநாதன் வேதாகமத்தோடு இருந்தார். கிருபா ஓடிவந்து, சுஜியின் வியர்த்த முகத்தைப் பார்த்துவிட்டு, அணைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார். ஜெர்சனுக்குக் காப்பி தரப்பட்டது. சர்க்கரை இல்லை, வேண்டுமென்றா மறந்தா என்று தெரியவில்லை.

“மாப்ள,” என்றார் ஆபேல். “முப்பது வருஷம் ஆச்சு. இப்ப போயி இது தேவையா?”

ஜெர்சன் விளக்கினார். இங்கிலாந்தில் ஏரி மாவட்டம் என்று ஒன்று இருப்பதை, விடுதிக்கு விடுதி நடப்பதை, வேன் பெட்டியைக் கொண்டுபோவதை எல்லாம் சொன்னார். பொய் சொல்லும் குழந்தையை முழுதாகச் சொல்லவிடுகிற பொறுமையோடு ஆபேல் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், ஜெபம் பண்ணுவோம் என்றார் சத்தியநாதன்.

நீண்ட ஜெபம். உடைந்ததைக் கட்டுகிற தேவனே என்று ஆரம்பித்து, பெயர் சொல்லிச் சொல்லி, ஜெர்சனின் கடினமான இருதயத்தைத் தனியாக ஒரு பத்தியாக எடுத்துக்கொண்டார். ஜெர்சன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். எதிரில் சுஜி தலைகுனிந்து முக்காட்டுக்குள் இருந்தாள். தோள்கள் குலுங்கின. கிருபா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

[முதல் வரைவில் இந்த இடத்தில் ‘சுஜி சிரித்துக்கொண்டிருந்தாள்’ என்று உறுதியாக எழுதியிருந்தது. சிரிப்பை அடக்கும்போது தோள் குலுங்கும், மறுக்க முடியாது. இரண்டாம் வரைவில் ஆசிரியர் அந்த வரியை எடுத்துவிட்டார். வேறு எதற்கும் குலுங்கும்.]

ஆமென் ஆனதும் ஆபேல் தங்கையிடமே கேட்டுவிட்டார். “சுஜி, எதுவா இருந்தாலும் அண்ணன்கிட்ட சொல்லு. இங்கயே இருக்கப் போறியா?”

“இல்லண்ணா. நாளைக்கு பீர்க்கன்கரணை போறேன்.”

“அங்க யாரு?”

“எங்க பழைய ஹவுஸ் ஓனர். நடந்துதான் போகணும்.”

ஆபேல் சத்தியநாதனைப் பார்த்தார். சத்தியநாதன் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

‘போறோம்’ என்று சொல்லாமல் அவள் ‘போறேன்’ என்றதை வாசகர் கவனித்திருக்கலாம். ஜெர்சன் கவனிக்கவில்லை. ஏரி மாவட்டத்தில் காப்பிக்குச் சர்க்கரை தனியாகத் தருவார்கள் என்று அப்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

4

மறுநாள் பெட்டி மறுபடி ஆட்டோவில் போனது. இந்த முறை ஆபேலே கண்கலங்க ஏற்றி அனுப்பினார்.

இரும்புலியூர் ஏரிக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோடு. ஊருக்குப் போகிறவர்களும் ஊரிலிருந்து வருகிறவர்களும் ஒருவரை ஒருவர் ஹாரனால் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மாதிரி லாரி எந்த மாதிரி காரில் மோதினால் எந்தப் பக்கம் தப்பு என்று முடிவாகும் என்பதை, ஆபீஸ் அனுபவத்தில் இருந்து ஜெர்சன் எடுத்துக்காட்டுகளோடு சொல்லி வந்தார். இங்கேயும் அந்தக் கேள்வியைக் கேட்டார். சுஜியின் உதடு அசைந்தது. ஒரு வெளியூர் பஸ் அந்தப் பதிலை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அநேகமாகப் பார்க்கலாம் என்பதாகத்தான் இருக்கும்.

ஏகநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். பழைய ஊர்க்காரர், அப்பா காலத்தில் ஏரிக்குக் கீழே நெல், இவர் காலத்தில் மனை.

“இன்னா சார், நடந்தா வந்தீங்கோ? வண்டி ரிப்பேரா?”

ஏரியைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தோம் என்றார் ஜெர்சன். ஏகநாதனின் முகம் மலர்ந்தது. இந்தப் பக்கத்தில் ஒருவன் ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவர் மனைவி கங்கையம்மாள் சுடச்சுடப் போட்ட தோசையை முடிப்பதற்குள் அவசரப்படுத்தி, கரைக்குக் கூட்டிப்போனார்.

“லேக் வியூ கீது சார். கிழக்குப் பார்த்த மனை. அந்தாண்ட ஒரு டாக்டர் வாங்கிகினாரு. உங்களுக்குன்னா வேற ரேட்டு.”

மனை கரைக்குக் கீழே இருந்தது. எனவே ஏகநாதன் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஜெர்சன் மே மாதத்தைப் பற்றிச் சுஜியிடம் பேசிக்கொண்டிருந்ததால் அவரும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மழை ஜாக்கெட் இரண்டு வாங்க வேண்டும், மூட்டுவலிக்கு பெல்ட், ஊறுகாய் கொண்டுபோக விடுவார்களா என்று விசாரிக்க வேண்டும். சுஜி இரண்டு பேரின் தோளுக்கும் நடுவே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், புடிச்சிருக்கா?” என்று கேட்டார் ஏகநாதன்.

“ரொம்பப் புடிச்சிருக்கு சார்.”

ஏகநாதன் ஜெர்சனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்றுவரை வாரத்துக்கு ஒருமுறை போன் செய்கிறார்.

5

[இந்தப் பகுதியில் ஆசிரியர் இல்லை.]

மூன்றாம் நாள் காலை ஜெர்சன் கண்விழித்தபோது பக்கத்துப் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேடம் விடிந்ததுமே கரைப் பக்கம் போனதாகக் கங்கையம்மாள் சொன்னார். ஆபேல் வீட்டு ஜெபத்தில் ஏதோ உண்மை இருந்துவிட்டதோ என்று ஜெர்சன் முதல்முறையாக நினைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினார். சுஜி எதிரே வந்துகொண்டிருந்தாள். புடவை ஓரம் நனைந்திருந்தது. முகம், வகுப்பில் யாராவது நல்ல கேள்வி கேட்டால் இருக்குமே, அப்படி இருந்தது.

“எங்க போயிட்ட?”

“ஏரிக்கு.”

“என்ன பார்த்த?”

“ஏரி.”

அங்கே என்ன நடந்தது என்று ஆசிரியர் கற்பனை செய்து பார்த்தார். அவள் கரையில் உட்கார்ந்து அழுதாள் என்று எழுதினார். பாஸ்போர்ட் கனவை ஏரியில் கரைத்துவிட்டு லேசானாள் என்று எழுதினார். புருஷனை மன்னிப்பது என்று முடிவெடுத்தாள் என்று எழுதினார்; இது மிகவும் நன்றாக வந்திருந்தது, ஒரு பக்கத்துக்கு மேல். படித்துப் பார்த்தபோது மூன்றிலும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தது ஜெர்சன்தான் என்று தெரிந்தது. புடவை மட்டும் சுஜியுடையது.

ஆகவே பகுதி ஐந்து காலியாக விடப்படுகிறது.

6

கதை இங்கே நிற்கிறது. வீடு திரும்பிவிட்டார்கள், பெட்டியும் திரும்பிவிட்டது. சிட்லபாக்கத்துக்குள் பெட்டி நுழைந்ததைக் கேள்விப்பட்டு, ஜெபம் கேட்கப்பட்டது என்று சத்தியநாதன் சபையில் சாட்சி சொன்னார். கம்பெனிக்காரனின் இரண்டாவது மெயில் வந்துவிட்டது. முடிவு மட்டும் இல்லை. இருப்பதை ஆசிரியர் காட்டுகிறார், நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) மே மாதம். நாடா ஏரி. கொட்டும் மழை. இருவரும் தொப்பலாக நனைகிறார்கள். சுஜி அவரைப் பார்த்து, என்னையும் லேமினேஷன் போட்டிருக்கலாம் என்கிறாள். சிரிக்கிறார்கள்.

(ஆ) ஏகநாதனின் மனையை வாங்கி வீடு கட்டுகிறார்கள். பால்கனியில் இரண்டு நாற்காலி. உலகமெல்லாம் தேடிய ஏரி வாசலிலேயே இருந்தது என்று உணர்கிறார்கள். (இது பரிசு வாங்கும். ஆசிரியருக்கே வெட்கமாக இருக்கிறது.)

(இ) சுஜி பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். ஏரியில் ஒரு வட்டம் விரிந்து விரிந்து

7

வாக்கியம் அங்கேயே நிற்பதற்குக் கலை காரணமில்லை. காகிதத்தைச் சுஜி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஜெர்சன் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேமினேஷனில் சிரித்தாள். சத்தியநாதனில் வாய்விட்டுச் சிரித்தாள்; ஆக, அன்றைக்கும் சிரிப்புத்தானோ என்று கேட்கலாமா என நினைத்தார். ஐந்தாம் பகுதியில் சிரிக்கவில்லை. ஆறாம் பகுதியில் மூன்று முடிவுகளுக்கும் குறுக்கே ஒரே கோடாகப் போட்டாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “நாலு ஏரி வருது. ஒண்ணுலயாவது தண்ணி இருக்கா?”

ஜெர்சன் பக்கங்களைத் திருப்பினார். சிட்லபாக்கத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் இருந்தார்கள். சேலையூரில் அவர் கேட்ட கேள்வி இருந்தது. இரும்புலியூரில் லாரி இருந்தது. பீர்க்கன்கரணையில் மனை இருந்தது. திரும்பத் திரும்பத் தேடினார். ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை.

“ஜனவரி மாசம்ங்க. நாலும் நிறைஞ்சு கிடந்துச்சு. உங்க கதைலதான் இல்ல.”

ஜெர்சனுக்கு வழக்கம்போல ஒரு ஜோக் வந்தது, அதை விழுங்கிவிட்டார்.

“அன்னைக்குக் காலைல,” என்றாள் சுஜி, “ஒரு முக்குளிப்பான் குஞ்சுங்கள முதுகுல ஏத்திக்கிட்டுப் போச்சு. தலை மட்டும் றெக்கைக்குள்ளேர்ந்து நீட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. எவ்ளோ நேரம் உட்கார்ந்திருந்தேன்னே தெரியல. யாரும் எனக்கு எதுவும் சொல்லல.”

வெளியே பால்காரர் மணி அடித்துப் போனார். ஜெர்சன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். கம்பெனிக்காரனின் மெயில் திறந்தே இருந்தது. எத்தனை பேர் என்ற இடத்தில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை அவர் ரெண்டு பேர் என்று சொல்லிக் கேட்கவில்லை.

“எத்தனை பேர்னு போட?”

சுஜி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“ஒருத்தர்னு போடுங்க. நான் மட்டும் போறேன். வந்து எல்லாத்தையும் சொல்றேன், அப்ப நீங்க கேளுங்க.”